லேத்தை ஏற்ற வந்த டெம்போ

சித்தியின் இடது புருவத்தைக் கிழித்த அந்தக் கிண்ணம் மாங்கட்டையில் கடைந்தது. சுவரில் மோதி இரண்டாகப் பிளந்து அது என் காலடியில் வந்து விழுந்தபோது, உளி பட்ட இடம் இன்னும் சூடாக இருந்தது.

தேஹு ரோட்டில் சித்திக்கும் சித்தப்பாவுக்கும் தரைத்தளத்து வீடு. பின்புறம் தகரக் கூரைக்கு அடியில் மரம் கடைகிற லேத். மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து சித்தப்பா வாங்கி வந்தது. பள்ளி ஆசிரியையான சித்தி, தொடக்கத்தில் நிறம் ஏற்றும் வேலையை மட்டுமே செய்தாள். சுழலும் கிண்ணத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால், உரசும் சூட்டில் அது உருகி மரத்தில் வளையமாகப் படியும். ஓலைத் துண்டால் தேய்த்தால் பளபளக்கும். பிறகு சித்தப்பாவுக்குக் கை நடுக்கம் வந்தது. உளி சித்தியின் கைக்கு மாறியது. வருஷா வருஷம் சர்ச்சில் நடக்கும் விற்பனைக்குப் போன கிண்ணங்களெல்லாம் அதன்பின் அவள் கடைந்தவைதான். ஊர் என்னவோ சித்தப்பாவைத்தான் பாராட்டியது. "நான் வேடிக்க பாக்குத ஆளுல்லா" என்று அவர் சொன்னால், அதைத் தன்னடக்கம் என்றார்கள்.

சித்தப்பா இறந்து, துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் ஓய்வதற்குள், ரஞ்சன்காவ் என்ற ஊரில் பட்டறை வைத்திருந்த அவருடைய தம்பி லேத்தை எடுத்துக்கொள்வதாகப் போன் செய்தார். சித்தி முடியாது என்றாள். அதை அவர் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை வருகிறேன் என்றார். நகரத்தின் மறுகோடியில், கராடியில் இருந்த என்னைச் சித்தி கூப்பிட்டாள். "நீ ஒண்ணும் பேச வேண்டாம். வந்து பக்கத்துல நில்லு, போதும்."

டெம்போ வாசலில் வந்து நின்றது. தம்பியோடு இரண்டு ஆட்கள். சித்தி அவர்களுக்கு டீ கொடுத்தாள். பிறகு பின்பக்கம் போய், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, லேத்தின் சுழல்தட்டில் மாங்கட்டையை முடுக்கி, அதை ஓடவிட்டாள்.

"மைனி, ஒங்களுக்கு இது என்னத்துக்கு? அண்ணனே போயாச்சு" என்றார் தம்பி, அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி.

சித்தி திரும்பவில்லை. கட்டை உருண்டு, குழிந்து, கிண்ணமாகிக்கொண்டிருந்தது. விளிம்பை மெலிதாக்கும்போது உளி சிக்கியது. படாரென்று ஒரு சத்தம். சித்தி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். விரல்களுக்கு நடுவே ரத்தம் வழிந்தது.

"இதத்தானே சொல்லுதேன்!" தம்பியின் குரலில் பதற்றமும் இருந்தது, ஜெயித்துவிட்ட திருப்தியும் இருந்தது. ஆட்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

"தொடாதீங்க" என்றாள் சித்தி. சத்தமாகச் சொல்லவில்லை. ஆட்கள் நின்றுவிட்டார்கள்.

காயத்தைக் கழுவி, நான் நீட்டிய பஞ்சை வைத்து அவளே பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "போவோம், இத முடிச்சிட்டு." அடுத்த கட்டையை எடுத்து மாட்டினாள். ஒரு கண் பாதி மூடியிருந்தது. கை நடுங்கவில்லை. கிண்ணம் உருவாகி, அதன்மேல் சிவப்பு வளையம் ஒன்றும் மஞ்சள் வளையம் ஒன்றும் படிந்து, ஓலை பட்டு மின்னும்வரை நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டே இருந்தோம். லேத்தை நிறுத்தி, கிண்ணத்தைக் கழற்றித் தம்பியின் கையில் கொடுத்தாள்.

"தம்பி, அண்ணன் ஞாபகமா எதாவது வேணும்னா இத எடுத்துட்டுப் போங்க. லேத்து எனக்கு வேல செய்ய வேணும்."

அவர் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ அண்ணன் செஞ்சதுன்னு சொன்னதெல்லாம்..." என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். கிண்ணத்தோடு போய் டெம்போவின் முன்சீட்டில் ஏறினார்.

புருவத்தில் நான்கு தையல் போட்டார்கள். சித்தி இப்போது முகத்தை மறைக்கும் கண்ணாடித் தடுப்பைப் போட்டுக்கொண்டு கடைகிறாள். சர்ச்சில் கிண்ணங்களுக்குப் பக்கத்தில் அவள் பெயரை எழுதி வைக்கிறார்கள். முதல் தடவை அவளே எழுதி வைத்தாள்.

உறவுக்காரர்கள் என்னிடம்தான் வருவார்கள். இந்த வயதில் அவளுக்கு இது வேண்டாம், நீ சொன்னால் கேட்பாள் என்பார்கள். கேட்பாளா என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லப்போவதில்லை.