அவள் வேண்டாம் என்றாள்

கருங்குழியில் அந்தப் பெண்ணின் வீட்டிலிருந்து கிளம்பி ஜிஎஸ்டி ரோட்டோரமாக நடந்துகொண்டிருந்தேன். அங்கே குடித்த காபி, இரண்டு முறை துப்பியும் நாக்கிலிருந்து போகவில்லை.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரி பஸ்ஸில் நான் கிளீனர். எட்டாவதோடு நின்றவன். அந்தப் பெண் அங்கே கடைசி வருடம். அவளோடு பழகிய பையனும் அதே பஸ்தான். அவள் போனைப் பிடுங்கிப் பார்ப்பான், கையை முறுக்குவான். ஒரு நாள் கன்னத்தில் அறைந்தான். நாற்பது பேர் பார்த்தார்கள். நாற்பது பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

இறங்கும்போது அவளிடம், "ஆபீஸ்ல எழுதிக் குடும்மா" என்றேன்.

"வேணாண்ணா. மொதல்ல வூட்டுக்குத்தான் போன் போடுவாங்க. படிப்பு அவ்ளோதான்."

கூட இருந்த தோழி சிரித்தாள். "போன வருசம் ஒருத்தி குடுத்தா. ஒடனே கல்யாணம் கட்டி வெச்சுட்டாங்க. அவ கொயந்தைக்கு இப்ப மூணு மாசம்ண்ணா."

எனக்கு மண்டையில் ஏறவில்லை. படித்த பிள்ளைகளுக்கு இவ்வளவு பயமா என்று, மறுநாள் நானே போய் பஸ் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டேன். அவர் பையன் யார் என்று கேட்கவில்லை. "பொண்ணு எந்த ஸ்டாப்பு?" என்றுதான் கேட்டார்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் ஏறவில்லை. அவன் ஏறினான். "இன்னா அண்ணாத்த, கம்ப்ளெயின்ட் குடுத்தியாமே? மெடல் குத்துனாங்களா?" என்றான். பஸ்ஸே சிரித்தது. அன்று சாயங்காலம் கருங்குழியில் பஸ் நின்றதும் விசிலை டிரைவரிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

பஸ் கிளீனர், நான்தான் சொன்னேன் என்றதும், திட்டுவார் என்று நினைத்த அவள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல நேரத்துல சொன்னப்பா. நீ இல்லன்னா மானம் போயிருக்கும். மாப்ள பாத்துட்டோம், தையில முடிச்சுடறோம்."

"பரீட்சை மட்டும் எழுதட்டும் சார்."

"எழுதி இன்னா பண்ணப் போறா?"

காபி கொண்டுவந்தது அவள்தான். டம்ளரை வைத்தாள், என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். நான் அதைக் குடித்தேன். அந்த அப்பா முகத்தில் கொட்டியிருக்க வேண்டும். என் தலையிலும்தான்.

அறைந்தவன் நாளைக்கும் வகுப்புக்குப் போவான். பெண்பிள்ளைகள் ஏன் புகார் கொடுப்பதில்லை என்று இனி எவனாவது என்னிடம் கேட்டால் செருப்பால் அடிப்பேன். அவள் ஒரே வரியில் சொன்னாள். அந்த ஒரு வரியை நான் காதில் வாங்கவில்லை.

மறுநாள் காலை புதுப்பட்டினம் மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைக்க ஆள் கேட்டார்கள்.

"பழைய வேல ஏன்டா வுட்ட?" என்றார் கடைக்காரர்.

"வாய வெச்சுகினு சும்மா இல்ல" என்றேன்.

ஐஸ் உடைக்கிற கட்டையை எடுத்துக் கையில் கொடுத்தார்.