மஞ்சள் சட்டைக்குத் தட்டிய கை

அவனை எல்லோரும் கோந்து என்றுதான் கூப்பிடுவார்கள். பந்து கைக்கு வந்தால் ஒட்டிக்கொள்ளும். அச்சகத் தொழிலாளர்கள் நடத்திய சின்னக் கால்பந்து கிளப்பில் ஆறு வருஷம் கோல்கீப்பர். ஒரு சனிக்கிழமை தவறியதில்லை.

அப்பா பஸ் டிரைவர். கண் நரம்பு கெட்டு, ஸ்டியரிங்கை விட்டு வீட்டோடு உட்கார்ந்தவர். மகன் ஆடுகிறான் என்றால் மட்டும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, கோல் வலைக்குப் பின்னால் இடம் போட்டுவிடுவார். தூரத்தில் நடப்பதெல்லாம் அவருக்கு வெறும் புகை. பக்கத்தில் நிற்கும் மகன் மட்டும் மங்கலாகத் தெரிவான். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறினால் இவரும் மைதானத்தைச் சுற்றி நடந்து அந்தப் பக்கம் போய்விடுவார்.

பெரிய கிளப்பிலிருந்து அழைப்பு வந்தபோது கோந்துக்கு வாயெல்லாம் பல். இரண்டாவது கீப்பர்தான், ஆனால் முதல் கீப்பருக்கு வயதாகிறது, ஆறு மாதம் பொறு என்றார்கள். பொறுத்தான். அந்த மனுஷனுக்கோ ஒரு தும்மல்கூட வந்து தொலையவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் அவருக்குப் பந்து அடித்துக் கொடுத்து, தானும் நாலு முறை மண்ணில் விழுந்து எழுந்து, பிறகு தொண்ணூறு நிமிஷம் பெஞ்சைத் தேய்ப்பதுதான் இவன் உத்தியோகம்.

முதல் ஆட்டத்துக்கே அப்பா வந்துவிட்டார். இரண்டு கீப்பர்களுக்கும் ஒரே மஞ்சள் சட்டை. மைக்கில் வாசித்த பெயர்கள் இரைச்சலில் யாருக்கும் புரியவில்லை. ஆட்டம் முடிந்து கோந்து அவரிடம் போனான், உள்ளதைச் சொல்லிவிடத்தான். சட்டையெல்லாம் மண். அப்பா அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கடைசியில இடது பக்கம் பாஞ்சு தடுத்தியே, அது ஒண்ணு போதும்டா எனக்கு."

தங்கை அவனைப் பார்த்தாள். அவன் அப்பாவிடம் ஆமாம் என்று தலையாட்டினான். அந்த ஒரு தலையாட்டல் இரண்டு வருஷம் இழுத்துக்கொண்டு போயிற்று. ஒவ்வொரு முறையும் வலைக்குப் பின்னால் கிழவர் கை வலிக்கத் தட்டுவார். பெஞ்சிலிருந்து அதைப் பார்க்கும்போது கோந்துக்கு அழுகை முட்டும். வெட்கம் கெட்ட பிழைப்பு, வேறென்ன.

ஒருநாள் பழைய கிளப்பின் கோச், அச்சகத்து மெஷின்காரர், போன் செய்தார்.

"நம்ம கீப்பர் வேலை மாறிப் போறான். நீ வர்றதா இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு. பெரிய இடத்தை விட்டுட்டு வான்னு நான் எப்படிச் சொல்றது, நீயே பாத்துக்க."

அதே வாரம் கண் டாக்டர், மிச்சப் பார்வை இன்னும் சில மாதம்தான் தாங்கும் என்றார். கோந்து அதற்குமேல் யோசிக்கவில்லை. கண் போவதற்குள் அப்பா இன்னொரு முறையாவது தன்னை நிஜமாகப் பார்க்க வேண்டும். அதற்கு முதலில் உண்மையைச் சொல்ல வேண்டும்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சொன்னான். "அப்பா, அங்க நான் ஒரு ஆட்டம்கூட ஆடலப்பா. நீங்க பாத்தது நான் இல்ல."

அப்பா வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப ரெண்டு வருஷமா நான் யாருக்குடா கை தட்டினேன்?"

அப்பா மகள் பக்கம் திரும்பினார். "உனக்கும் தெரியுமா?"

"தெரியும்பா. சொல்ல மனசு வரல."

அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கோந்து பழைய கிளப்புக்குத் திரும்பினான். முதல் ஆட்டம் வர ஒன்றரை மாதம் ஆயிற்று. டாக்டர் சொன்ன கணக்கைவிட முன்னாலேயே கண் முழுக்க இருண்டுவிட்டது. வரமாட்டார் என்றுதான் நினைத்தான். தங்கை கையைப் பிடித்துக்கொண்டு வந்தார், வலைக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

பத்தாவது நிமிஷம் எதிரணிக்காரன் கிட்டத்தில் நின்று ஓங்கி அடித்தான். கோந்து வலது பக்கம் பாய்ந்து பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தான். சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள். அப்பாவிடமிருந்து மட்டும் சத்தமே இல்லை. மண்ணில் கிடந்தபடி அவன் காதைத் தீட்டினான். வலைக்குப் பின்னாலிருந்து அப்பா மகளிடம் கேட்பது காதில் விழுந்தது.

"இவன்தானா?"

"ஆமாப்பா."

"நிஜமாத்தான் சொல்றியா?"

"சத்தியமாப்பா. அண்ணன்தான்."

அதற்குப் பிறகுதான் அப்பா கை தட்டினார்.