தகரம் அடித்த லாந்தர்

என் பிரசவப் பை தொங்கும் ஆணிக்குப் பக்கத்து ஆணியில் ஒரு லாந்தர் விளக்கு தொங்குகிறது. நான்கு பக்கமும் கண்ணாடி இருக்க வேண்டிய விளக்கு. இதில் மூன்று பக்கம்தான் கண்ணாடி. நான்காவது பக்கத்தில் மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, விளிம்பை மடக்கி, கண்ணாடி இருந்த தடத்தில் தகரமாகச் செருகியிருக்கிறது. கண்ணாடி உடைந்துபோயிருக்கும் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உடையவில்லை. நல்ல கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் தாய்மாமா தம் கையாலேயே அந்தத் தகரத்தைச் செருகினார். கழற்றிய கண்ணாடி வைக்கோலில் சுற்றி எங்கள் பரணில் இன்னும் இருக்கிறது.

மாமா மாட்டுவண்டிகள் வைத்திருந்தவர். அவரும் அம்மாவும் பிறந்தது ராயப்பன்பட்டியில். வண்டித் தொழிலுக்காக ரோட்டோரமாக இருந்த எங்கள் ஊருக்கு வந்து தங்கிவிட்டார். மலைக்கு மேலே ஆற்றை மறித்து அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. இரும்பும் அரிசியும் கயிறும் ஏற்றிய வண்டிகள் கிழக்கேயிருந்து வரிசையாக வந்து எங்கள் ஊரைத் தாண்டி மலையடிவாரத்துக்குப் போகும். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது புழுதிதான். சாயங்கால வெயில் அந்தப் புழுதிக்குள் வந்து நின்றுகொள்ளும். மாடுகளின் கால்கள் தெரியாது. வண்டிகள் மிதந்துகொண்டு போவதுபோல் இருக்கும். அதற்கும் பின்னால் மலை, யாரோ பாதி சொல்லி நிறுத்திய பேச்சைப்போல நீலமாக நிற்கும். அந்த மலையைத் துளைத்துக்கொண்டு தண்ணீர் வரப்போகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். யாரும் அவசரப்பட்டதாக நினைவில்லை. விழித்த பிறகும் கண் திறக்காமல் படுத்திருப்போமே, ஊர் அப்படி இருந்தது.

வண்டிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சுமை ஏற்றும் முன்பே வாடகையைப் பேசிவிடுவார்கள். பேசிய பிறகு மழையில் ரோடு அறுத்துக்கொண்டு போனாலும், அச்சு முறிந்தாலும், மாடு நடுவழியில் படுத்துக்கொண்டாலும் கூட்டிக் கேட்பதில்லை. கேட்டவனுக்கு அப்புறம் சந்தையில் சுமை கிடைக்காது. மாமா அந்த வழக்கத்திலேயே ஊறியவர். அவரைப் பற்றி நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடியில் இது இருக்கிறது.

நான் மதுரையில் பிரசவ வேலை படித்தவள். ரயில் ஏற்றிவிட என்னைத் தம் வண்டியில் கூட்டிப்போனவரும் மாமாதான். படித்து முடித்து வந்தபோது ஊரில் புதிதாக யூனியன் ஏற்பட்டிருந்தது. யூனியன் என்றால் ஊர்க் காரியங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு சபை. அது வீட்டு வரி வாங்கியது. அந்த வரியில் நடந்தவை மூன்று. கடைவீதியில் கம்பம் நட்டு எரிந்த தெருவிளக்குகள், தெருக்களைக் கூட்டிக் குப்பை அள்ளுகிற வேலை, மூன்றாவதாக நான். யூனியன் மருத்துவச்சி என்பது என் உத்தியோகம். அப்பா இல்லாத வீட்டில் அம்மாவும் நானும் அதைக்கொண்டுதான் சாப்பிட்டோம்.

சபைக்குத் தேர்தல் என்று தாசில்தார் தண்டோரா போட்டபோது எங்கள் பகுதிக்கு இருவர் நின்றார்கள். ஒருவர் ஜவுளிக்கடை அண்ணாச்சி. தேனிச் சந்தையிலிருந்து வந்து கடைவீதியில் பெரிய கடை வைத்தவர். மற்றவர் மாமா. மாமாவை யாரும் நிற்கச் சொல்லவில்லை. கடைவீதியில் இருவரும் ஒரு நாள் வாய்ச்சண்டை போட்டார்கள். சண்டை முடிந்தபோது மாமா வேட்பாளராக இருந்தார். விஷயம் தெருவிளக்கு. நிலா உள்ள நாட்களில் யூனியன் விளக்கு ஏற்றாது. வளர்பிறையில் பாதியும் தேய்பிறையில் பாதியும் கம்பங்கள் சும்மா நிற்கும். மேகம் வந்து நிலாவை மூடினாலும் சும்மாதான் நிற்கும். நிலா நாள் என்றால் நிலா நாள்.

“பாதி மாசம் நெலா எரியிது. அதுக்கு எண்ணெய் ஊத்துனது யாரு, யூனியனா?” என்றார் மாமா. “பாதி மாசந்தேன் வெளக்குன்னா பாதி வரிதான வாங்கணும். நான் வந்தா பாதி வரி.”

அவர் குரல் அனுமந்தன்பட்டி வரைக்கும் கேட்கும் என்று அம்மா சொல்வாள். அன்று கடைவீதி முழுக்கக் கேட்டது. மறுநாள் காலையில் தண்ணீர் எடுக்கப் போன பெண்கள்கூட அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஊரில் இரண்டு கட்சிகள். பாதிவரிக் கட்சி, முழுவரிக் கட்சி. மாப்பிள்ளையும் மச்சானும் வேறு வேறு கட்சி என்றால் ஒரே வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் சாப்பிட்டார்கள்.

அண்ணாச்சியின் பேச்சும் தள்ளக்கூடியதல்ல. “தண்ணி வரப்போகுது. ஊரு நாளைக்கு டவுனாகும். வாந்திபேதி வந்தா குப்பைய அள்ள யாரு வருவாக, நெலாவா வரும்?” என்று கேட்பார். மாமா அதற்கு, “தண்ணி வரட்டும், கணுக்கால் நனையட்டும், அப்பறம் கேளுங்க அண்ணாச்சி வரிய” என்பார். இன்னொன்றும் சொல்வார். விளக்குக் கம்பம் எல்லாம் கடைவீதியில் நின்றது. கீழத்தெருவில் கூரைவீட்டுக்காரர்களும் வரி கட்டினார்கள், அவர்கள் தெருவில் ஒரு கம்பமும் இல்லை. “அண்ணாச்சி கடையில சேல நெறம் தெரியணும்னு கீழத்தெருக் கெழவி வரி கட்டுதா” என்று மாமா கூட்டத்தில் கேட்பார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இன்றும் படுகிறது.

ஆனால் வரி வெறும் விளக்குக்கு மட்டும் இல்லை. எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது எனக்குப் படிப்பு கொடுத்த பழக்கம். வெந்நீர், நூல், கத்தரிக்கோல், கிருமி கொல்லும் கார்பாலிக், துணி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்த பிறகுதான் பையை மூடுவேன். ஒரு நாள் மாமா வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னதையும் அப்படி வரிசையாக வைத்துக் காட்டினேன். விளக்குச் செலவு வரியில் சிறு பங்கு. பாதி வரி என்றால் விளக்கை எல்லா நாளும் அணைத்தாலும் போதாது. கூட்டுகிற வேலையில் கை வைக்க வேண்டும். அதுவும் போதாது. மூன்றாவதுதான் மீதி.

மாமா வெகுநேரம் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். கணக்கு அவருக்குப் புரிந்துவிட்டது. வண்டிக்காரருக்குப் பாரம் புரியாமல் இருக்காது.

“சொல்லிட்டேனே தாயி” என்றார்.

அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமல் பேசினாள். “ஊருக்கெல்லாம் வரியக் கொறைக்கிறேன்னு சொல்லிட்டு என் அடுப்பயில்லடா கொறைக்கிற. இல்லன்னு சொல்லிரு. கடைவீதியில சொன்னதுக்கு ஒன்ன யாரு கட்டிவச்சு அடிக்கப்போறாக?”

“வாடகை பேசியாச்சுக்கா.”

“நீ என்ன வெறகா ஏத்துன? இது ஒன் மருமக.”

அம்மா சோறு போட்டாள், மாமா சாப்பிட்டுவிட்டுப் போனார். நான் கோபப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தக் கோபம் நன்றாக மடித்து வைத்த துணிபோல இருந்தது. எடுத்து விரிக்க எனக்கு நேரம் வரவில்லை.

தேர்தல் நாளன்று தாசில்தார் சாவடி முன் மேசை போட்டு உட்கார்ந்தார். இரண்டு புளியமரங்கள். ஒன்றின் கீழ் மாமா, மற்றதன் கீழ் அண்ணாச்சி. வரி கட்டும் ஆண்கள் யாருக்கு வேண்டுமோ அவர் பின்னால் போய் நிற்க வேண்டும். எங்கள் வீட்டுக்கும் வரி உண்டு, ஆனால் அம்மாவால் நிற்க முடியாது. “நிக்கச் சொன்னாலும் நான் ரெண்டு பேரு பின்னாடியும் நிக்க மாட்டேன்” என்றாள். நான் சாவடிக்கு எதிர்வீட்டில் ஒரு தலைப்பிரசவத்தில் இருந்தேன். நோவு விட்டுவிட்டு வந்தது. இடையிடையே ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பேன். ஆட்கள் புழுதியில் நடந்து இந்த மரத்துக்கும் அந்த மரத்துக்கும் போனார்கள். சத்தம் உள்ளே வரவில்லை. வெயிலில் எல்லாம் மெல்ல அசைந்தது. கனவில் நமக்கு வேண்டியவர்கள் நம்மைப் பார்க்காமல் நடந்துபோவார்களே, அதைப்போல இருந்தது. மாமாவின் வரிசை நீண்டுகொண்டே போனது.

பெண்குழந்தை பிறந்தது. அதன் தகப்பனைக் கூப்பிட்டனுப்பினோம். அவன் மாமாவின் வரிசையிலிருந்து ஓடிவந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். தாயும் பிள்ளையும் சுகம் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டான்.

“அக்கா, நீங்க கவலப்படாதீக. நான் ஒங்க மாமாவுக்குத்தேன் நிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, தன் இடம் போய்விடக்கூடாது என்று திரும்ப ஓடினான்.

மாமா ஜெயித்தார், மற்றப் பகுதிகளிலும் பாதிவரிக் கட்சியே வந்தது. சொன்னபடி வரி பாதியானது. கம்பங்களில் விளக்கு ஏற்றுவது நின்றது, கூட்டுகிறவர்கள் வாரத்துக்கு ஒருமுறை வந்தார்கள், என் உத்தியோகம் போயிற்று. அந்தத் தீர்மானத்தில் மாமாவும் கை தூக்கினார்.

உத்தியோகம் போனதே தவிர வேலை போகவில்லை. கூப்பிட வந்தவர்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். கொடுக்க முடிந்ததைக் கொடுத்தார்கள். கம்பு, கத்தரிக்காய், ஒரு தடவை ஓடைப்பட்டியிலிருந்து ஒரு ஆட்டுக்குட்டி. முதல் அமாவாசை வந்தது. விளக்கு வைக்கும் நேரம் தாண்டிக் கீழத்தெருவிலிருந்து ஆள் வந்தபோது, வாசலில் மாமா லாந்தரோடு நின்றார். யார் போய்ச் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. அம்மா அவரைப் பார்க்காதவள்போல உள்ளே போனாள். அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன்.

மறுநாளே ஊர் பேசியது. “வெளக்க அணைச்ச மகராசன் வெளக்குப் பிடிச்சுட்டுப் போறாரு பாரு” என்று முழுவரிக் கட்சிக்காரர்கள் சிரித்தார்கள். அதற்கு அடுத்த தடவை வந்தபோது லாந்தரின் முன்பக்கத்தில் தகரம் இருந்தது.

“எதுக்கு மாமா இது?”

“எதுக்க வர்றவன் மூஞ்சியப் பாக்கக் கூடாதுல்ல.”

ஆனால் முகத்தை மறைத்து என்ன பயன்? அவர் வாய் சும்மா இருக்காது. போகிற வழியில் எந்த வாசலில் பேச்சுக் கேட்டாலும் நின்று, பாதி வரிதான் நியாயம் என்று இருட்டுக்குள்ளிருந்து வாதாடுவார். “யாரு, வண்டிக்கார அண்ணனா?” என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். “யாரா இருந்தா ஒனக்கென்ன, பேச்சுக்குப் பதில் சொல்லு” என்பார். நான் பின்னால், கால்வைக்கும் இடமெல்லாம் மஞ்சளாக விழுந்த வெளிச்சத்துக்குள், பையோடு நிற்பேன். இருட்டிய தெருவில் அவருடைய குரலும் எனக்கான அந்தச் சின்ன வெளிச்சமும் மட்டும் நகர்ந்துபோகும். வீடு வந்ததும் அவர் வெளியே உட்கார்ந்துகொள்வார். உள்ளே போகையில் எனக்கு அவர்மேல் இருந்த கோபம், வெளியே வரும்போது எங்கே வைத்தோம் என்று தேட வேண்டியதாக இருக்கும்.

அவருடைய கால் கட்டைவிரல் எப்போதும் அடிபட்டிருந்தது. ஒரு நகம் கறுத்து விழும், முளைத்துவருவதற்குள் அடுத்தது போகும். நான் கழுவி மருந்து வைத்துக் கட்டுவேன். “முழு வரி வாங்குனப்பயும் இந்த ரோட்டுலதான் கல்லு கெடந்துச்சு” என்று அப்போதும் யூனியனைத்தான் திட்டுவார். நானும் கல்தான் காரணம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு தண்ணீர் வந்தது. புழுதி பறந்த இடங்களில் வாய்க்கால் ஓடியது. அடுத்த தேர்தலில் அண்ணாச்சி ஜெயித்தார், வரி ஏறியது, விளக்குகள் திரும்ப எரிந்தன, எனக்கும் உத்தியோகம் திரும்பக் கிடைத்தது. அன்று சாயங்காலம் கடைவீதி வழியாக ஒரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. மாமா வழக்கம்போல லாந்தரை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு பக்கமும் கம்பங்களில் விளக்கு எரிய, அதன் நடுவே தம் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கடை வாசலில் நின்ற அண்ணாச்சி, “இனி எதுக்கு அண்ணே இது” என்று கேட்டார்.

“அது நீங்க வரி வாங்கி எரிக்கிறது. இது எங்க வீட்டு எண்ணெய்” என்று சொல்லிவிட்டு மாமா நிற்காமல் போனார்.

போன ஆடியில் அவர் இறந்தார். இப்போது மறுபடியும் தேர்தல். பாதி வரி கேட்கும் ஆட்கள் நேற்று வந்து, மாமா பேரைச் சொல்லி ஓட்டுக் கேட்கட்டுமா என்று அம்மாவிடம் கேட்டார்கள். “கேட்டுக்கங்க. ஆனா சொன்னா செய்யணும். அவன் செஞ்சான்” என்றாள் அம்மா. ஊர் கேட்க அவரைப் பற்றி அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

அவர் போன பிறகு வந்த முதல் அமாவாசையில் கீழத்தெருவுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே இன்னும் கம்பம் இல்லை. வந்த பெண்ணை அவசரத்துக்கு முன்னால் போகச் சொல்லிவிட்டு, பையை ஒரு தோளில் மாட்டி, லாந்தரை நானே எடுத்துக்கொண்டேன். அவர் பிடிப்பது போலவே, தகரம் முன்னால் வரும்படி பிடித்தேன். கடைவீதி முடிந்து திரும்பியதும் எனக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. சுவர்போல இருட்டு. இரண்டடி வைப்பதற்குள் கட்டைவிரல் கல்லில் இடித்தது.

நின்று திரும்பிப் பார்த்தேன். தகரம் திருப்பிவிட்ட வெளிச்சம் முழுவதும் எனக்குப் பின்னால், ஒரு ஆள் கால்வைத்து வரும் தூரத்தில், மண்ணில் மஞ்சளாக விழுந்து கிடந்தது. கல், பள்ளம், வண்டித்தடம் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. அதற்குள் யாரும் இல்லை.

பரணில் இருக்கும் கண்ணாடியை எடுத்து மாட்டிவிடலாம். நான் மாட்டவில்லை. தகரத்தைப் பின்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு போய்விட்டு, வந்ததும் அதே ஆணியில் மாட்டுகிறேன்.