ஒரு மோல் தண்ணீர்

நான் இருந்தேன். மனைவி இருந்தாள். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் படிக்கும் மகள் இருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. எங்கள் லாபு ஊர்ப் பக்கம் விடிந்ததிலிருந்து மழை. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்ட யாரும் தோட்டத்துக்குப் போகவில்லை.

மறுநாள் மகளுக்கு வேதியியலில் மறுசோதனை. முதல் தடவை பத்துக்கு மூன்று. இதில் ஐந்து மதிப்பெண்ணாவது வராவிட்டால் அறிவியல் வகுப்பிலிருந்து மாற்றிவிடுவார்கள். மருந்தகப் படிப்பு ஆசை அதோடு சரி.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். யாரிடமாவது சொல்லிப் பார்த்தால் மனதில் நிற்கும் என்று என் எதிரில் உட்கார்ந்தாள். பத்துச் சமன்பாடு. அதில் எதெல்லாம் தர உருவாக்க வினை என்று பொறுக்க வேண்டும். இடது பக்கம் தனிமங்கள் மட்டும், அதுவும் அவற்றின் வழக்கமான நிலையில். வலது பக்கம் ஒரே பொருள், ஒரே மோல். மோல் என்பது நமக்கு டன் மாதிரி, ஓர் அளவு என்றாள். கார்பன் என்றால் பென்சில் கரிதான், வைரம் என்று போட்டிருந்தால் தள்ளிவிட வேண்டுமாம்.

அடுப்படியிலிருந்து மனைவி சொன்னாள்: "வைரத்தையே தள்ளுறாளா? கட்டிக்கப் போறவன் கொடுத்து வச்சவன் லா."

பழைய சோதனைத் தாளை வாங்கிப் பார்த்தேன். ஆக்சிஜனோ குளோரினோ அரை என்று இருந்த வரிகளையெல்லாம் அடித்திருந்தாள். இரண்டு தண்ணீர் வரும் வரிக்குச் சரி போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"அரைய யாருப்பா கணக்குல சேப்பாங்க? நீங்கதானே சொல்வீங்க."

சொல்வேன்தான். எலி தின்று பாதியான குலையை நாங்கள் எண்ணிக்கையில் எழுதுவதில்லை. பள்ளி விடுமுறையில் என்னோடு வந்து அவள்தான் எண்ணுவாள்.

இரண்டு தண்ணீர் இருந்த வரியில் விரலை வைத்தேன்.

"அது குலைக்கு மா. இதுக்கு இல்ல. ஒனக்கு வலது பக்கம் ஒரு தண்ணிதான் வேணும். அதுக்கு இந்தப் பக்கம் அரை போனா போவட்டுமே."

அவள் பத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து பொறுக்கினாள்.

இரண்டு நாள் கழித்துத் தாள் வந்தது. கார்பன் மோனாக்சைடைத் தனிமம் என்று எடுத்திருந்தாள். புரோமின் திரவம் என்பதை மறந்திருந்தாள். அரை வந்த வரி ஒன்றில்கூடத் தவறவில்லை. மேல் மூலையில் சிவப்பு மையில் எண் இருந்தது.

எட்டு.