பெரியப்பாவோ சித்தப்பாவோ

புலம்பெயர்ந்து வந்த இந்த ரெனான் நகரில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் மூன்றாம் மாடி எங்களுடையது. முதலாம் மாடியில் கணவரின் தமையன் குடும்பம். ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்ட அண்ணனும் தம்பியும் கோயில் நிர்வாகத் தலைமைக்குப் போட்டியாக நின்றார்கள். மூன்றாம் ஆள் ஒருவர் வென்றுவிட்டார். அன்றோடு இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

சண்டை அவர்களுடையது, மறியலில் அடைபட்டது நான். தமையனின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவரோடு கதைக்கக் கூடாது என்பது கணவரின் கட்டளை. ஆனால் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் பொதுவான சலவை அறை இருக்கிறது. புதன் காலை எங்கள் முறை, மதியம் அவர்களுடையது. சாவியை அக்காவின் கையில் கொடுக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பேன். வெட்கக்கேடுதான், என்ன செய்வது?

ஒரு செவ்வாய் சாப்பாட்டு நேரத்தில் மகள் சரித்திரப் பாடத்தைச் சொன்னாள். முன்னொரு காலத்தில் எங்கள் ஊர் ஏரிக்கரையை ஆண்ட ஜெர்மானிய அரசர்கள் அண்ணன் தம்பிமாராம். நாட்டைப் பங்கு போட்ட பிறகும் ஆசை அடங்காமல் ஒருவன் மற்றவனைக் கொன்றுவிட்டானாம். செத்தவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகளாம்.

"அப்ப அந்தப் பிள்ளையளின்ரை தேப்பனைக் கொலை செய்தது ஆர்? பெரியப்பாவோ சித்தப்பாவோ?" என்று கேட்டேன். பாடத்தில் அது இல்லையாம்.

"பெரியப்பாதான். இதென்ன கேள்வி?" என்றார் கணவர், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

மறுநாள் சாவி கொடுக்கும்போது இதை அக்காவிடம் சொன்னேன். அவர் உடுப்புக் கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்கடையவளும் அதே வகுப்புத்தானே. இவர் என்ன சொன்னவர் தெரியுமோ? சித்தப்பாதான் செய்திருப்பானாம்!"

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அப்படிச் சிரித்து எவ்வளவு காலம்! படியில் காலடிச் சத்தம் கேட்டது. அக்கா சட்டென்று எனக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். நான் சாவியை மேசையில் வைத்துவிட்டு முன்பின் தெரியாதவள் மாதிரி வெளியேறினேன். வந்தது இரண்டாம் மாடிக்காரர். பயந்த என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

மேலே வந்தபோது மகள் பாடத்துக்குப் படம் கீறிக்கொண்டிருந்தாள். கிரீடம் வைத்த அரசனுக்குப் பக்கத்தில் ஒரு பெண். அவள் கழுத்தில் கல் தொங்கியது.

"இது ஆர்?"

"செத்த ராசாவின்ரை மனுசி. கல்லைக் கட்டித் தண்ணிக்குள்ளை தள்ளினவையாம். அம்மா, அவ என்ன பிழை செய்தவ?"

"ஒண்டும் செய்யேல்லை. அந்த வீட்டுக்குக் கலியாணம் கட்டி வந்தவ," என்றேன்.