சுகைனியின் நான்காவது தலைப்பு

மூன்றாவது முறையும் தலைப்பு திரும்பி வந்தபோது சுகைனிக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கொட்டாவிதான் வந்தது.

வயது நாற்பத்தாறு. இந்தோனேசியாவின் லோம்போக் தீவில், கிழக்கு லோம்போக் மாவட்டத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் இருபத்து நாலு வருடமாகப் பிரசவம் பார்ப்பவள். டிப்ளமோவை வைத்துக்கொண்டு இனிமேல் காலம் தள்ள முடியாது, பட்டம் வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை வேலை, சனியும் ஞாயிறும் நகரத்துக் கல்லூரி. மோட்டார் சைக்கிளில் போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். வகுப்புகளையெல்லாம் எப்படியோ தாண்டிவிட்டாள். கடைசி வருட ஆராய்ச்சிக்குத் தலைப்பு எடுக்கும் இடத்தில் வண்டி நின்றுபோனது.

வழிகாட்டியாக வந்த மர்னியாத்திக்கு முப்பத்தொரு வயது. சுகைனி முதன்முதலில் கையுறை மாட்டிய வருடம் அந்தப் பெண் இரண்டாம் வகுப்பில் இருந்திருப்பாள். இருந்தாலும் சுகைனி அவளை 'இபு', அதாவது அம்மா, என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டாள்; அவளும் இவளை அப்படியே.

முதல் தலைப்பு, கிழக்கு லோம்போக் தாய்மார்களின் உடல்நலம். மர்னியாத்தி அதை ஒரு தடவை படித்துவிட்டு, "இபு, இது ஒரு ஆள் செய்யற ஆராய்ச்சி இல்ல. மந்திரி ஆபீஸ் செய்ய வேண்டிய வேலை" என்றாள். இரண்டாவது, கர்ப்பிணிகளின் ரத்தச்சோகை. எந்த ஊர்க் கர்ப்பிணிகள், எத்தனை பேர், எத்தனையாவது மாதம், சோகையில் எந்த விஷயம் என்று நாலு கேள்வி எழுதித் தாள் திரும்பி வந்தது. மூன்றாவதற்கு சுகைனி பக்கத்து இருக்கைக்காரியைப் பார்த்து எழுதினாள்: இரும்புச்சத்து மாத்திரை பற்றிய அறிவுக்கும், அதை ஒழுங்காக விழுங்குவதற்கும் உள்ள தொடர்பு. மர்னியாத்தி அவளை நூலகத்துக்குக் கூட்டிப்போய் ஒரு அலமாரியைக் காட்டினாள். அதே தலைப்பில் பத்தொன்பது ஆய்வேட்டுக் கட்டுகள் அங்கே இருந்தன. கிராமத்தின் பெயர் மட்டும்தான் வேறு வேறு.

கொட்டாவி வந்தது அங்கேதான். மர்னியாத்தி அதைப் பார்த்துவிட்டாள். ஆனால் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கும் அன்று கண் சிவந்திருந்தது. வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல், கையில் இருபத்தேழு மாணவிகளின் தாள்கள். இருவரும் நூலகத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

தலைப்பை நான் எடுத்துத் தர முடியாது, தந்தால் அது என்னுடைய ஆராய்ச்சி ஆகிவிடும் என்றாள் மர்னியாத்தி. பிறகு, "உங்க வேலையில உங்களுக்கு எது ரொம்ப அலுப்பு?" என்று கேட்டாள்.

சுகைனி யோசிக்கவே இல்லை. "ஒரே பதிலைக் கேக்கறது இபு. மாத்திரை சாப்பிட்டியாம்மான்னா, சாப்பிட்டேன்ங்கிறாங்க. ஊசி குத்திப் பாத்தா ரத்தம் ஒன்பதுக்கு மேல ஏறல. அடுத்த மாசமும் அதே கேள்வி, அதே பதில், அதே ஒன்பது. நானும் முப்பது மாத்திரையை எண்ணிக் குடுத்து அனுப்பிடறேன்."

"பொய்னு தெரிஞ்சும்?"

"தெரிஞ்சும்தான். வெளிய நாப்பது பேர் நிக்கிறாங்க."

ஏன் பொய் சொல்கிறார்கள் என்று இந்தப் பத்தொன்பது கட்டுகளில் ஒன்றாவது கேட்டிருக்கிறதா, பாருங்கள் என்று சொல்லிவிட்டு மர்னியாத்தி எழுந்து போனாள். சுகைனி பார்த்தாள். எதிலும் இல்லை. எல்லாவற்றிலும் கட்டம் போட்ட கேள்வித்தாள்தான், 'ஆம்', 'இல்லை'.

இனி சுருக்குவதுதான் பாக்கி. அந்த வாரம் முழுக்க, மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் உட்கார்ந்து எழுதினாள். அதில் ஒரு எழுத்து வேலை செய்யாது. அந்த எழுத்து வரும் இடமெல்லாம் வேறெங்கிருந்தோ நகலெடுத்து ஒட்ட வேண்டும். மாவட்டத்தை வெட்டி கிராமமாக்கினாள். கிராமத்தை வெட்டி, லெண்டாங் பாவா என்ற ஒரே குடியிருப்பாக்கினாள். கர்ப்பிணிகளில் ஏழு மாதம் தாண்டியவர்கள் மட்டும். பதினாலு பேர் தேறினார்கள். கணவன் மஸ்னுன் அரிசி களைந்தபடியே, "மொத்தம் பதினாலு பேரா? அதுக்கா ஒரு பட்டம்?" என்றான். அவள் அடுத்த எழுத்தை நகலெடுத்து ஒட்டினாள்.

எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வீட்டில் கேட்டுப் பார்த்துவிடலாம் என்று இனாக் ருமேனாவிடம் போனாள். மூத்த மகள் ருமேனாவின் அம்மா என்ற பொருளில் ஊர் அவளை அப்படித்தான் அழைத்தது. மூன்றாவது கர்ப்பம், எட்டாவது மாதம். கணவன் மலேசியாவில் தோட்ட வேலையில். சுகைனி வேலைக்குப் போடும் காக்கி உடுப்போடு போய் நின்றதும், கேட்பதற்கு முன்பே, "எல்லாம் சாப்பிட்டாச்சு இபு" என்று பதில் வந்தது.

மறுபடி வெள்ளிக்கிழமை மதியம் சாதாரண உடையில் போனாள். புகையிலை அறுவடைக் காலம். இனாக் ருமேனா முற்றத்தில் உட்கார்ந்து, உலர்த்தும் சூளையில் ஏற்ற வேண்டிய பச்சை இலைகளைக் கழியில் வரிசையாகக் கட்டிக்கொண்டிருந்தாள். நிற்க முடியாமல்தான் சுகைனியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபின் சும்மா இருக்கக் கை வரவில்லை. இலைகளை மூன்று மூன்றாக எடுத்துக் கொடுத்தாள். பிசின் விரலில் கறுப்பாக ஒட்டியது. அரை மணி நேரம் மாத்திரைப் பேச்சே இல்லை.

இனாக் ருமேனாதான் ஆரம்பித்தாள். "அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல இபு. வாடையே வயித்தப் பொரட்டுது. மாடத்துல மூணு அட்டை அப்படியே கெடக்கு."

"இதை ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. போன பிள்ளைக்கு. வாந்தி வருதுன்னேன். அத்தனை பொம்பளைங்க முன்னாடி, 'உனக்கு வாந்தி பெருசா, பிள்ளை பெருசா'ன்னு கேட்டீங்க. அன்னையிலேர்ந்து சாப்பிட்டேன்னே சொல்லிடறேன். உங்களுக்கும் சுருக்கா முடிஞ்சுடுது."

அவள் குரலில் கோபமில்லை. அடுத்த கழியை இழுத்து வைத்துக்கொண்டு இலைக்காகக் கை நீட்டினாள். சுகைனிக்கு அப்படிக் கேட்டதாக நினைவே இல்லை. எவ்வளவோ யோசித்தும் வரவில்லை. ஆனால் அந்த வாக்கியம் அவளுடையதுதான். நாற்பது பேர் வெளியே நிற்கும்போது அவள் வாயில் வருவது அப்படித்தான் வரும்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் லேப்டாப்பைத் திறக்கவில்லை. பேசாமல் தாய்ப்பால் பற்றி ஏதாவது எழுதிக் கொடுத்துவிடலாம், அந்த அலமாரியில் இன்னொரு கட்டு இருந்தால் யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்றெல்லாம் தோன்றியது. ஞாயிறு காலை தலைப்பை எழுதினாள்: லெண்டாங் பாவா கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரை பற்றித் தங்கள் மருத்துவச்சியிடம் சொல்லாதவை.

மர்னியாத்தி படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள். நடந்ததை சுகைனியே ஒளிக்காமல் சொன்னாள். கேட்டுவிட்டு, "தலைப்பு சரி இபு. ஆனா நீங்க கேக்க முடியாது" என்றாள் மர்னியாத்தி. யாருக்குப் பயந்து பொய் சொல்கிறார்களோ அந்த ஆளே போய்க் கேட்டால் என்ன பதில் வரும்? வேறு யாராவதுதான் கேட்க வேண்டும்.

பல வருடப் பழக்கமுள்ள ஒரே குடியிருப்பு. அதுவும் கை நழுவியது. பக்கத்து கிராமத்து மருத்துவச்சி ஹெர்லினாவும் அதே வகுப்பில் தலைப்பில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தாள். இருவரும் மாற்றிக்கொண்டார்கள். இவள் ஊர்ப் பெண்களிடம் ஹெர்லினா கேட்பாள், ஹெர்லினாவின் பெண்களிடம் இவள். பதிவுகளைப் பெயர் நீக்கி அவரவரிடம் கொடுத்துவிடுவது என்று பேச்சு. மர்னியாத்தி கையெழுத்துப் போட்டாள். சுகைனி அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வழியில் ஒரு கடையில் மிளகாய் அரைத்துப் போட்ட கீரையும் சோறும் சாப்பிட்டாள். சந்தோஷம் என்று தனியாக ஒன்றும் தெரியவில்லை. முழங்கால் வலி தெரிந்தது.

பதினாலு பேரில் மூவருக்கு முன்னதாகவே பிரசவமாகிவிட்டது. மீதிப் பதினொரு பேரில் ஆறு பேர் இனாக் ருமேனா சொன்ன மாதிரியே சொல்லியிருந்தார்கள். ஒருத்தி மாத்திரையைக் கோழிக்குப் போட்டாளாம். அந்தப் பக்கங்களை சுகைனி ஒரு தடவை படித்து, அப்படியே அத்தியாயத்தில் சேர்த்தாள், மறுபடி புரட்டவில்லை. தேர்வாளர்களில் ஒருவர் பதினொரு பேர் போதுமா என்று கேட்டார். இதுக்கு மேல் குறைக்க முடியவில்லை ஐயா என்று அவள் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். வேடிக்கையாகச் சொன்னாள் என்று நினைத்துவிட்டார்கள்.

இரண்டாந்தர மதிப்பெண்ணில் தேறினாள். பட்டமளிப்பு நாளுக்கு முந்தின இரவு இரட்டைப் பிரசவம் பார்த்துவிட்டு வந்திருந்தாள். மஸ்னுன் எடுத்த புகைப்படத்தில், கறுப்பு அங்கிகளின் நடுவரிசையில், தொப்பி ஒரு பக்கம் சரிய, வாய் லேசாகத் திறந்தபடி சுகைனி தூங்கிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் ஹெர்லினா கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள்.