மாடி எண்ணும் டீச்சர்

கரமனைப் பக்கம் நாங்கள் அடுக்குமாடி கட்டிய இடத்துக்கு எதிரே ஓர் அரசு மலையாளப் பள்ளிக்கூடம்; ஒரு தமிழ் வகுப்பும் உண்டு. அதன் ஹெட்மிஸ்ட்ரஸ் ஒல்லியான அம்மா. தினமும் கேட்டில் நின்று, குடையை நீட்டி எங்கள் மாடிகளை எண்ணுவார். ஏதோ புகார் எழுதப் போகிறார் என்று நினைத்தேன்.

ஜூனில் பள்ளி திறந்ததும் எங்கள் தகர ஷெட்டுக்கே வந்துவிட்டார். ஆறாவது வேலை நாளில் பிள்ளைகளைத் தலை எண்ணுவார்களாம். குறைந்தால் தமிழ் வகுப்பும் அதன் டீச்சரும் போய்விடுமாம். என் மகள் உட்பட ஷெட்டுப் பிள்ளைகள் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போனார். அப்புறம் பெஞ்சு போதவில்லை என்று எங்களிடமே சாரப் பலகை கேட்டு வாங்கினார்.

மறுவருஷம் மார்ச்சில் கேட்டார்: “மேஸ்திரி, இனி எத்தனை நிலை பாக்கி?”

“ரெண்டு மாடிதான் டீச்சர். மே மாசம் முடிச்சிட்டு எர்ணாகுளம் போயிருவோம். அதான் இங்க இத்தனை வீட்டுக்கு ஆள் வருதே, உங்களுக்குப் பிள்ளைக்கா பஞ்சம்?”

“நன்னாச் சொன்னீர்! அவா வந்தா வாசல்ல பிரைவட் ஸ்கூல் பஸ்ஸுன்னா வந்து நிக்கும், கேட்டோ. கெட்டிடம் உசர்றச்சேதான் நமக்குக் குழந்தைகள்.”

“அப்போ என்ன செய்யச் சொல்லுதீங்க?”

“கொஞ்சம் மெல்லக் கெட்டும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த இரண்டு மாடிக்கு மணல் வரவில்லை, ஆள் வரவில்லை, மழை என்று முதலாளியிடம் நான் சொல்லாத காரணம் இல்லை. அந்த ஜூனிலும் ஆறாவது நாள் தலை எண்ணும்போது என் மகள் சாரப் பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த அம்மா விளையாட்டுக்குத்தான் அப்படிச் சொன்னாரோ என்னவோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.